மதில் எழும்பும் முன்

செஞ்சிக்காரர்களுக்கு மதிலைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் முக்கோணமாக வளைத்துக்கொண்டு ஓடும் கோட்டைச் சுவரைப் பார்த்துக்கொண்டே பிறந்து, பார்த்துக்கொண்டே வளர்கிறவர்கள் அவர்கள். 1690-ஆம் வருஷம் மொகலாயச் சேனை அதன் முன் வந்து கூடாரம் அடித்தது. 1698-ல்தான் உள்ளே நுழைய முடிந்தது. சுமார் எட்டு வருஷ காலம் ஒரு பெரிய சாம்ராஜ்யத்தின் படை வெளியே காத்துக் கிடந்ததென்றால், அந்தச் சுவரின் பெருமையைக் கேட்பானேன்? ஆனால் அதே சுவர்தான் 1750-ல் புஸ்ஸி என்னும் பிரெஞ்சுத் தளபதியின் படைக்கு ஒரே இரவில் வழி விட்டது. மதிலின் பலம் கல்லிலும் சுண்ணாம்பிலும் மட்டும் இல்லை. எதிரி வருகிற அந்த வேளையில் உள்ளே இருப்பவர்கள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதிலும் இருக்கிறது.

இந்த வாரம் நாம் பேசப்போவது கல் மதிலைப் பற்றி அல்ல. கால்பந்து மைதானத்தில் நாலைந்து ஆட்டக்காரர்கள் தோளோடு தோள் சேர்ந்து நின்று எழுப்புகிறார்களே, அந்த மனித மதிலைப் பற்றி. "பந்து உதைக்கிற சமாசாரத்தில் நமக்கென்ன?" என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நாலு பேர் கூடும் இடத்தில், "இங்கே நில், அங்கே நில்" என்று சொல்ல வேண்டியவர் எப்பொழுது சொல்ல வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்கிற விஷயம் இது. கல்யாணப் பந்தியிலிருந்து ரயிலடி டிக்கெட்டு வரிசை வரையில் இது இல்லாத இடம் ஏது?

முதலில், ஆட்டத்தை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு கோஷ்டியினர் தவறாக ஆடினால், எதிர்க்கோஷ்டிக்கு 'ப்ரீ கிக்' கிடைக்கிறது. பந்தை அசையாமல் வைத்து ஒருவர் உதைப்பார். பந்து உதைபடும் வரையில், தவறு செய்த கோஷ்டியினர் பந்திலிருந்து பத்துக் கஜம், அதாவது 9.15 மீட்டர், தள்ளி நிற்க வேண்டும் என்பது சட்டம். தள்ளி நிற்பதோடு விடுவார்களா? கோலுக்கும் பந்துக்கும் நடுவே மனித மதிலை எழுப்பிக்கொள்கிறார்கள். கோல் காவலர் பின்னாலிருந்து, "இடது பக்கம் நகரு, இன்னும் ஓர் அடி" என்று கூவுவார். மதிலிலே நிற்பவர்களோ, நடுவர் அந்தப் பக்கம் திரும்பியதும் பந்தை நோக்கி எறும்பைப்போல் நகர்ந்து வருவார்கள். இந்த எறும்பு ஊர்வலத்தைத் தடுப்பதற்காக, 2014-ல் பிரேஸில் தேசத்தில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயங்களில் நடுவர்களின் இடுப்பில் நுரைக் குப்பி ஒன்றைக் கட்டிவிட்டார்கள். பத்துக் கஜத்தை நடந்து அளந்து, புல்லின்மேல் வெள்ளைக் கோடு ஒன்றை நுரையால் இழுத்துவிடுவார் நடுவர். சிறிது நேரத்தில் கோடு தானே மறைந்துவிடும். அதற்குள் காரியம் முடிந்துவிடும். வாய் வார்த்தைக்குக் கட்டுப்படாதவன் கோட்டுக்குக் கட்டுப்படுவான் என்பது இலட்சுமணர் காலத்திலிருந்து நமக்குத் தெரிந்த சங்கதிதானே!

இப்பொழுது கதைக்கு வருவோம். 2023-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 3-ஆம் தேதி, பெங்களூர் ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில் பெங்களூர் கோஷ்டிக்கும் கேரளா பிளாஸ்டர்ஸ் கோஷ்டிக்கும் இந்தியன் சூப்பர் லீக் பந்தயம். தோற்றவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போகவேண்டிய கட்டம். 90 நிமிஷம் ஆடியும் இரு பக்கமும் கோல் விழவில்லை. கூடுதல் நேரம் தொடங்கிச் சில நிமிஷங்கள் ஆனதும் பெங்களூருக்கு ஒரு ப்ரீ கிக் கிடைத்தது. கேரளத்தார் மதில் கட்டுவதில் முனைந்தார்கள். கோல் காவலர் மதிலுக்கு இடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில் சுனில் சேத்ரி பந்தை மெல்ல வளைத்து உதைத்தார். பந்து காலியாகக் கிடந்த கோலுக்குள் போய் விழுந்தது. நடுவர் கிரிஸ்டல் ஜான் கோல் என்று தீர்ப்புச் சொன்னார்.

பிறகு நடந்ததை ரசிகர்கள் அறிவார்கள். "ஊதல் ஊதவேயில்லையே! நாங்கள் தயாராகவில்லையே!" என்று கேரளத்தார் நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களுடைய பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தம் கோஷ்டியை மைதானத்தை விட்டே வெளியேறச் சொல்லிவிட்டார். அவர்களும் போய்விட்டார்கள். சற்றுநேரம் காத்திருந்து பார்த்துவிட்டுப் பெங்களூர் வென்றதாக அறிவித்தார்கள். கேரளத்தார் கொடுத்த பிராது தள்ளுபடியாயிற்று. அந்த மாதக் கடைசியில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் கமிட்டி தீர்ப்புச் சொல்லிற்று: கோஷ்டிக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்கு 10 பந்தயத் தடையும் 5 லட்சம் ரூபாய் அபராதமும். ஒரு விநாடி வேலைக்கு இவ்வளவு விலை!

இதில் யார் பக்கம் நியாயம்? சட்டத்தைக் கேட்டால் அது தயங்காமல் பதில் சொல்கிறது. ப்ரீ கிக் என்பது தவறு இழைக்கப்பட்டவனுக்குக் கிடைக்கும் பரிகாரம். தவறு செய்தவன் சாவகாசமாக மதில் கட்டி முடிக்கும் வரையில் இவன் காத்திருக்க வேண்டும் என்றால், பரிகாரத்தில் பாதி அங்கேயே போய்விடுகிறது. ஆகையால் உடனே உதைக்க விரும்புகிறவன் உதைக்கலாம். அதற்கு ஊதல் தேவையில்லை. ஊதல் எப்பொழுது தேவை? மதிலைப் பத்துக் கஜத்துக்குத் தள்ளுவதில் நடுவர் இறங்கிவிட்டால் தேவை. அப்பொழுது அவர் உதைக்கப் போகிறவரிடம், "என் ஊதல் கேட்கும் வரையில் பொறு" என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்கிறது சட்டப்புத்தகம். வழக்கமாக நடுவர்கள் ஊதலை உயர்த்திப் பிடித்து, மற்றொரு கை விரலால் அதைச் சுட்டிக் காட்டுவார்கள். பாஷை தெரியாதவனுக்கும் அது புரியும்.

அன்றைக்கு என்ன நடந்ததென்று சேத்ரி பிற்பாடு கூறியிருக்கிறார். தமக்கு மதிலும் வேண்டாம், ஊதலும் வேண்டாம் என்று நடுவரிடம் சொன்னதாகவும், நடுவர் நிச்சயந்தானா என்று கேட்டு உறுதி செய்துகொண்டதாகவும் சொன்னார். பக்கத்தில் நின்ற கேரளக் கோஷ்டித் தலைவர் லூனாவின் காதிலும் அது விழுந்தது, அதனால்தான் தம் முதல் முயற்சியை அவர் மறித்தார் என்பதும் சேத்ரியின் பேச்சு. கேரளத்தார் அவ்வாறு கருதவில்லை. மதில் கட்டும் காரியம் தொடங்கிவிட்டது, ஆகவே ஊதலுக்குப் பிறகே உதை என்பது அவர்கள் கட்சி.

இரண்டு கட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. கேட்டவருக்குப் பதில் கிடைத்தது. கேளாதவர்கள் வழக்கம் இதுதான் என்று தாங்களே தீர்மானித்துக்கொண்டார்கள். சட்டப்புத்தகமும் உதைக்கிறவனிடம் சொல் என்கிறதே ஒழிய, எதிரே நிற்கும் மதிலுக்கும் சொல் என்று அந்த இடத்தில் கூறவில்லை. அந்த இடைவெளியில்தான் பந்து புகுந்து போயிற்று.

நம் வீட்டுக் குழந்தைகள் கண்ணாமூச்சி ஆடுவதைக் கவனித்திருக்கிறீர்களா? கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்கும் பையன், ஒளிந்துகொண்டவர்கள் "ஜூட்!" என்று குரல் கொடுக்கும் வரையில் நகரக் கூடாது. அந்தக் குரல் வருவதற்கு முன் புறப்பட்டுவிட்டால், "அழுகுணி ஆட்டம்" என்று தெருவே கூடிவிடும். அந்த ஒரு சொல் எல்லோருக்கும் பொதுவான தாக்கீது. ஒருவன் காதில் மட்டும் அதை இரகசியமாகச் சொன்னால் ஆட்டம் நடக்குமா? ஆறு வயதுக் குழந்தைகள் அறிந்து வைத்திருக்கும் இந்தத் தர்மத்தை, பெரிய மைதானத்தில் பெரியவர்கள் மறந்துவிடும்போதுதான் சங்கடம் வருகிறது.

அதே 2023-ஆம் வருஷத்தில், கடல் கடந்த அமெரிக்காவிலும் நிற்கும் இடத்தைப் பற்றியே மற்றொரு சண்டை எழுந்தது. அந்த நாட்டில் 'புட்பால்' என்றால் நம் கால்பந்து அல்ல. இரு முனையும் கூரான, நீண்டுருண்ட பந்தைக் கையால் எறிந்தும் கட்டிக்கொண்டு ஓடியும் ஆடும் ஆட்டம். ஒவ்வொரு முறையும் பந்தைத் தரையில் வைத்து, இரு கோஷ்டியும் எதிரெதிராக அணிவகுத்து நின்ற பிறகே ஆட்டம் தொடங்கும். நடுவே கிடக்கும் பந்தின் நீளம் சுமார் 11 அங்குலம். மைதானத்தின் குறுக்கே அந்த 11 அங்குலம் யாருக்கும் சொந்தமில்லாத பூமி. பந்தைப் புறப்படச் செய்யும் ஒருவர் தவிர, வேறு எவர் காலோ கையோ தலையோ அதற்குள் நீட்டியிருந்தால் குற்றம்.

மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் ஆட்டக்காரருக்கோ, பந்து வெகு தூரத்தில் இருக்கிறது. தாம் கோட்டுக்கு முன்னே நிற்கிறோமா, பின்னே நிற்கிறோமா என்று கண்ணால் அளப்பது கஷ்டம். இதற்கு அங்கே ஓர் அழகான சம்பிரதாயம் உண்டு. ஓரத்தில், அந்தக் கோட்டுக்கு நேராக ஒரு கோட்டு நடுவர் நிற்பார். ஆட்டக்காரர் தம் இடத்துக்கு வந்ததும் தலையைத் திருப்பி அவரைப் பார்ப்பார், கையை நீட்டி, "சரிதானா?" என்று ஜாடையாகக் கேட்பார். நடுவர் தலையை அசைப்பார். அல்லது, "பின்னால் போ" என்று கையைக் காட்டுவார். ஒருவர் கோட்டிலிருந்து பின்தள்ளி நிற்கிறார் என்பதைத் தெரிவிக்க, நடுவர் தம் கையைப் பின்புறமாக நீட்டி வைப்பதும் உண்டு. இவ்வளவும் சில விநாடிகளுக்குள், ஒரு வார்த்தைகூட இல்லாமல் நடந்துவிடும்.

2023 டிசம்பர் 10-ஆம் தேதி கான்ஸாஸ் நகரக் கோஷ்டிக்கும் பஃபலோ கோஷ்டிக்கும் நடந்த பந்தயத்தில் கான்ஸாஸ் 17, பஃபலோ 20. ஆட்டம் முடிய ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேல் இருந்தது. மஹோம்ஸ் எறிந்த பந்தைக் கெல்ஸி பிடித்தார். பிடித்தவர் ஓடுகிற ஓட்டத்திலேயே அதைத் தம் தோழர் டோனியிடம் பின்னோக்கி வீசினார். டோனி எல்லை வரையில் ஓடிப் போய்விட்டார். அரங்கம் ஆரவாரித்தது. ஆனால் கோட்டு நடுவரின் மஞ்சள் துணி தரையில் கிடந்தது! ஆட்டம் புறப்பட்டபோதே டோனி கோட்டைத் தாண்டி நின்றிருந்தார். அந்த அற்புதமான ஓட்டம் கணக்கில் சேரவில்லை, கான்ஸாஸ் தோற்றது.

மஹோம்ஸ் கொதித்துப் போனார். இம்மாதிரி சிறு விஷயத்துக்கு முதலில் எச்சரிப்பதுதானே வழக்கம் என்று அவரும் பயிற்சியாளர் ரீடும் வாதாடினார்கள். நடுவர்களைக் குறை கூறியதற்காக லீக் நிர்வாகம் மஹோம்ஸுக்கு 50,000 டாலரும் ரீடுக்கு 1,00,000 டாலரும் அபராதம் விதித்தது. தலைமை நடுவர் செஃபர்ஸ் சொன்ன பதிலின் சாரம் இது: எங்களைப் பார்த்துக் கேட்டால் நிற்கும் இடத்தைச் சொல்லுவோம், ஆனால் நிற்கும் இடத்துக்குப் பொறுப்பாளி ஆட்டக்காரரேதான். டோனி அன்று திரும்பிப் பார்த்துக் கேட்கவில்லை. தலையை ஒரு முறை திருப்பியிருந்தால், அந்த வாரம் முழுவதும் அவர் வீரராகக் கொண்டாடப்பட்டிருப்பார்.

பெங்களூரிலும் கான்ஸாஸிலும் நடுவர்கள் சட்டத்தை மீறவில்லை. ஆயினும் இரண்டு இடத்திலும் ஜனங்கள் மனத்தில் கசப்பு மிஞ்சிற்று. காரணம் என்ன? முன்னறிவிப்பு இல்லாமல் வரும் தண்டனை, சட்டப்படி சரியாகவே இருந்தாலும், மனிதன் மனம் அதை நியாயம் என்று ஒப்புக்கொள்ளுவதில்லை. தண்டிப்பதற்கு அதிகாரம் போதும். தண்டனையை ஒப்புக்கொள்ளும்படி செய்வதற்கோ, முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லுவது மட்டும் போதாது. சொன்னது புரியவும் வேண்டும். 1966-ல் லண்டன் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்துக்கும் அர்ஜெண்டினாவுக்கும் உலகக் கோப்பைப் பந்தயம் நடந்தது. நடுவர் கிரைட்லைன் ஜெர்மானியர். அர்ஜெண்டினாத் தலைவர் ராட்டின் பேசுவது ஸ்பானிஷ். நடுவர் அவரை வெளியே போகச் சொன்னார். ராட்டின், மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள் என்று கேட்டு நகராமல் நின்றார். பல நிமிஷங்கள் ஆட்டம் நின்று போயிற்று. அந்தக் குழப்பத்தைக் கண்ட நடுவர் தலைவர் கென் ஆஸ்டன், காரில் வீடு திரும்பும்போது தெருச் சந்தியில் இருந்த போக்குவரத்து விளக்கைப் பார்த்தாராம். மஞ்சள், ஜாக்கிரதை, சிவப்பு, நில். இதற்கு எந்த அகராதி வேண்டும்? 1970-ல் மெக்ஸிகோ உலகக் கோப்பையில் மஞ்சள், சிவப்பு அட்டைகள் நடுவர்களின் சட்டைப் பைக்கு வந்து சேர்ந்தன.

நடுவரின் சைகைகள் எல்லாமே இம்மாதிரிப் பொது பாஷைதான். கையை நேரே தலைக்கு மேல் உயர்த்தி நின்றால், இந்த உதையில் பந்து மற்றொருவர் மேல் படாமல் நேரே கோலுக்குள் போனால் கணக்கில்லை என்று அர்த்தம். ஓரத்தில் ஓடும் உதவி நடுவர், 'ஆப்சைட்' குற்றத்துக்குக் கொடியை முதலில் உயர்த்துவார். பிறகு அதை மேல்நோக்கிச் சாய்த்தால் மைதானத்தின் எதிர்ப்புறம், நேராக நீட்டினால் நடுப்பகுதி, கீழ்நோக்கிச் சாய்த்தால் தம் பக்கம் என்று இடத்தைக் காட்டுகிறார். வாய் திறக்காத இந்தப் பேச்சுக்கு ஒரு சிறப்பு உண்டு. மைதானத்தில் உள்ள 22 பேரும், சுற்றிலும் நிற்கிற ஜனங்களும் அதை ஒருங்கே பார்க்கிறார்கள். ஒருவருக்குச் சொன்னது எல்லோருக்கும் சொன்னதாகிவிடுகிறது.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். "நடுவர் ஒவ்வொருவனுக்கும் நிற்க இடம் சொல்லிக்கொண்டிருந்தால், அவர் நடுவரா, வாத்தியாரா? ஆட்டக்காரன் சட்டம் தெரிந்துகொண்டு வரவேண்டாமா?" நியாயமான கேள்வி. ஒரு பக்கத்துக்கு உபாயம் சொல்லிக் கொடுப்பது நடுவர் வேலை அன்று. ஆப்சைடு நிலையில் நிற்பவனை அழைத்து, "தம்பி, ஓர் அடி பின்னால் வா" என்று உதவி நடுவர் சொல்ல ஆரம்பித்தால் ஆட்டம் கெட்டுவிடும். அங்கே இடத்தைத் தேர்ந்தெடுப்பதே ஆட்டக்காரனின் சாமர்த்தியம். ஆனால் ஆட்டம் நின்று, மறுபடி தொடங்கக் காத்திருக்கும் வேளை வேறு. அப்பொழுது எங்கே நிற்கலாம், எது கேட்ட பிறகு அசையலாம் என்பது சாமர்த்தியத்தைச் சேர்ந்ததல்ல. அது இரு கோஷ்டிக்கும் பொதுவான பூமி. அதைச் சொல்லுவது எந்தப் பக்கத்துக்கும் சலுகை ஆகாது.

செஞ்சியைப் போன்ற ஊர்களுக்கு இந்த விஷயம் பெரிய ஊர்களைவிட அதிக முக்கியம். நம் மைதானங்களில் நுரைக் குப்பி இல்லை. சுண்ணாம்புக் கோடு பாதி ஆட்டத்திலேயே மண்ணோடு மண்ணாகிவிடும். உதவி நடுவருக்குக் கொடி அகப்பட்டால் அதிர்ஷ்டம். நடுவராக நிற்பவர் பெரும்பாலும் உள்ளூர் ஆசிரியர் ஒருவர். அல்லது முன்னாள் ஆட்டக்காரர். கருவிகள் குறைந்த இடத்தில் வார்த்தைதான் கருவி. நாலு கோடி அபராதம் போட அங்கே ஒருவரும் இல்லை. ஆனால் இரண்டு தெருக்காரர்கள் இரண்டு வருஷம் முகம் பாராமல் இருப்பதற்கு ஒரு ப்ரீ கிக் போதும்.

ஆகவே பந்தயம் நடத்துகிறவர்கள் செலவில்லாத சில காரியங்களைச் செய்து பார்க்கலாம். ஆட்டம் தொடங்குமுன் நடுவர் இரு கோஷ்டித் தலைவர்களையும் ஒருங்கே அழைத்து, "நான் ஊதலை உயர்த்திக் காட்டினால் ஊதும் வரையில் ஒருவரும் உதைக்கக் கூடாது, காட்டாவிட்டால் எந்த நிமிஷமும் உதைப்பார்கள், தூங்காதீர்கள்" என்று சொல்லிவிட வேண்டும். பத்துக் கஜத்தை அளக்கும்போது வாய்விட்டு எண்ணிக்கொண்டே நடக்க வேண்டும். எண்ணிக்கை காதில் விழுந்தவன், "ஒன்பதுதான் நடந்தார்" என்று பிறகு வாதாட முடியாது. உதைக்கப் போகிறவன் ஏதாவது கேட்டால், பதிலை மதிலில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்ல வேண்டும். "சேத்ரி கேட்டார், நடுவர் சரியென்றார்" என்பது அன்று மைதானம் முழுவதும் தெரியும்படி நடந்திருந்தால், கேரளத்தார் மதிலை விட்டுப் பந்தைப் பார்த்திருப்பார்கள். கோல் விழுந்திருந்தாலும் விழாவிட்டாலும் ஆட்டம் நடந்து முடிந்திருக்கும்.

ஆட்டக்காரப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. சந்தேகம் வந்தால் கேளுங்கள். கேட்பது கௌரவக் குறைவு அன்று. உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்கள், கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்கள், ஒவ்வொரு முறையும் தலையைத் திருப்பி, "நான் நிற்கும் இடம் சரிதானா?" என்று கேட்டுக்கொண்டுதான் நிற்கிறார்கள். தீர்ப்பு பாதகமாக வந்துவிட்டால், ஆட்டத்தை ஆடி முடித்துவிட்டு வழக்கை எழுதிக் கொடுங்கள். மைதானத்தை விட்டுப் போனவனுக்கு வழக்கும் இல்லை, ஆட்டமும் இல்லை. கேரளத்தார் வெளியேறியபோது கூடுதல் நேரத்தில் இன்னும் இருபது நிமிஷத்துக்கு மேல் பாக்கி இருந்தது. ஒரு கோலைத் திருப்பிப் போடுவதற்கு இருபது நிமிஷம் தாராளமாகப் போதும்.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை, மராத்தியர்களின் மற்றப் பதினொரு கோட்டைகளோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. தமிழ்நாட்டில் அந்தத் தொகுதியைச் சேர்ந்த கோட்டை இது ஒன்றுதான். இனி வெளியூர்க்காரர்கள் இன்னும் அதிகமாக வந்து, இவ்வளவு கனமான மதிலை எப்படிக் கட்டினார்கள் என்று அதிசயிப்பார்கள். அதிசயிக்க வேண்டியதுதான். ஆனால் மதில் கட்டுவது எப்பொழுதுமே பாதி வேலை. வாயில் எப்பொழுது திறந்திருக்கிறது, எப்பொழுது மூடியிருக்கிறது என்பது உள்ளே இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருப்பது மற்றப் பாதி. மைதானத்தில் அந்தப் பாதியைச் செய்ய வேண்டியவர் நடுவர். அதற்கு அவர் கையில் இருக்கவேண்டியது ஓர் ஊதல். நாவில் இருக்கவேண்டியது, நேரம் தவறாத ஒரு வார்த்தை.